வளைந்த ஆணி

பழைய சாமான்களைப் பழுது பார்ப்பதில் ஓர் அபாயம் உண்டு. துருவையும் தூசியையும் துடைத்துக்கொண்டே போனால், அவற்றின் அடியிலிருந்து நம்முடைய பழைய யோக்கியதையும் சில சமயம் வெளிப்பட்டுவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

தென்பெண்ணைக் கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டு எங்கள் ஊர். சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளுமே ஊருக்கு அடையாளம். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு 1,50,000 கன அடிக்கும் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆறு கரை மீறிற்று. எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையிலும் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு உடைந்த நாற்காலிகளையும் நனைந்த புத்தகங்களையும் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தேன். சேறு அப்பிய பலகை ஒன்று கையில் அகப்பட்டது. குப்பையோடு குப்பையாய் அதையும் எறிவதற்காகத் தூக்கினேன். உள்ளே கடகடவென்று குண்டுகள் உருண்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தும் கை தானாகவே நின்றுவிட்டது.

அது எங்கள் குண்டுப் பலகை.

கடைக்காரர்கள் இதைப் 'பாகடெல்' என்பார்கள். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகை. தலைப்பக்கம் வில்போல் வளைந்திருக்கும். வலது ஓரத்தில் ஒரு குறுகிய கால்வாய்; அதன் அடியில் ஸ்பிரிங் வைத்த இழுப்புக் கோல். கோலை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு கால்வாய் வழியே ஏறி, தலைப்பக்கத்து வளைவைச் சுற்றி, பித்தளை ஆணிகளின் கூட்டத்துக்குள் விழும். ஆணிக்கு ஆணி முட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஆங்காங்கே ஆணிகளால் வேலி கட்டிய சின்னஞ்சிறு வீடுகள்: ஒன்றில் 25, ஒன்றில் 50, ஒன்றில் 100. உச்சியில், நடுமத்தியில், ஒரே ஒரு குண்டு நுழையக்கூடிய வாசலோடு 200 என்ற வீடு. எதிலும் தங்காமல் அடிமட்டத்துக்கு வந்தால் பூஜ்யம். அப்பா எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1972-இல் சாமான் கொள்முதலுக்காகச் சென்னை போனபோது மூர் மார்க்கெட்டில் இதை வாங்கி வந்தார். அந்த மூர் மார்க்கெட்டே 1985-இல் தீக்கிரையாகிவிட்டது. பலகை மட்டும் பிழைத்திருந்தது.

பொங்கலுக்கு என் தங்கை பேரக் குழந்தைகளுடன் வருவதாக எழுதியிருந்தாள். அதற்குள் பலகையைச் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நனைந்த மரத்தை வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். ஆகையால் காற்றோட்டமான நிழலில் பத்து நாள் கிடத்தினேன். பிறகு உலர்ந்த வண்டலை மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். ஓரங்களில் விட்டுப்போயிருந்த பூச்சுப் பலகைக்கு வச்சிரம் காய்ச்சித் தடவி, மேலே செங்கல்லை ஏற்றி வைத்தேன். எதையும் தொடுவதற்கு முன்னால் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். எந்த ஆணி எப்படி நின்றது என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா?

ஆணிகளை எண்ணினேன், 162. எல்லாவற்றிலும் பச்சைக் களிம்பு. பித்தளைக்குப் புளியைப் போல் மருந்தில்லை என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததன்று. ஆனால் புளித் தண்ணீர் மரத்தில் இறங்கினால் கறை போகாது. ஆகவே கெட்டியாகக் கரைத்த புளியைப் பருத்தி நூலில் தோய்த்து, ஒவ்வோர் ஆணியையும் நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, தயிர் கடைகிறாற்போல் முன்னும் பின்னும் இழுத்தேன். பிறகு ஈரத் துணி; பிறகு உலர்ந்த துணி. ஒரு நாளைக்கு இருபது ஆணிக்கு மேல் முடியவில்லை.

குண்டுகள் பத்தையும் இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரத்தூளோடு ஒரு துணிப் பையில் போட்டுக் குலுக்கினேன். ஏழு குண்டுகள் கண்ணாடிபோல் ஆயின. மூன்றில் குழி விழுந்திருந்தது. அவற்றுக்குப் பதிலாக லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கிலிருந்து அதே அளவில், 11 மில்லிமீட்டர் குண்டுகள் கிடைத்தன. ஸ்பிரிங் துருவேறி ஒடிந்திருந்தது. பட்டறையில் கிடைத்த ஒன்றைப் போட்டால் குண்டு துப்பாக்கி ரவையாய்ப் பாய்ந்தது. கொஞ்சம் வெட்டிக் குறைக்கலாமா என்றேன். "வெட்டினால் இன்னும் விறைப்பாகும், ஐயா" என்று பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, மெல்லிய கம்பியில் புதிதாக ஒன்று சுற்றிக் கொடுத்தார். கடைசியாக, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று தடவை பூசினேன். பலகை பொன்னிறமாயிற்று.

இனி ஆட்டம் பார்க்க வேண்டியதுதான். ஒரு குண்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். 25-இல் நுழைந்தது. 50-இல் நுழைந்தது. 100-இல் நுழைந்தது. 200-இன் வாசலில் தட்டி நின்றது. குனிந்து பார்த்தேன். வாசலின் இரண்டு ஆணிகளும் ஒன்றை நோக்கி ஒன்று மிகமிகச் சிறிதளவு சாய்ந்திருந்தன. பாதி மில்லிமீட்டர் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் குண்டு ஒருநாளும் உள்ளே போகாது.

வெள்ளம் செய்த வேலை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தெரியும், அது வெள்ளம் செய்ததன்று.

இரவு ஜப்பானிலிருந்து என் மகன் பேசினான். அவன் நகோயாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதைச் சுவரில் நிமிர்த்தி வைத்தால் எங்கள் ஊர்ப் பாச்சிங்கோதான்!" என்று கூவினான். அவன் சொன்னதும், பிறகு நான் படித்தறிந்ததும் இது: 1871-இல் அமெரிக்காவில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர், கோலால் குண்டைத் தள்ளும் பழைய பாகடெல்லுக்கு ஸ்பிரிங் வைத்த இழுப்புக் கோலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். அந்த வம்சத்தில் வந்த பலகை ஜப்பானில் 'கொரிந்த்' என்ற பெயரில் குழந்தைகளின் ஆட்டமாயிற்று. இடத்தை மிச்சப்படுத்த அதை நிமிர்த்திக் கண்ணாடி போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் நகோயாவிலிருந்து அது தேசமெங்கும் பரவிற்று. பாச்சிங்கோக் குண்டும் 11 மில்லிமீட்டர்தான் என்று கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"அதில் இன்னொரு விசேஷம், அப்பா. ஆட வருகிறவர்கள் எல்லாரும் ராசியான மெஷின் எது என்று தேடுவார்கள். ஆனால் ராத்திரி கடை மூடிய பிறகு, சின்னச் சுத்தியலோடு ஒருவர் வருவாராம். ஆணியை ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் தட்டுவாராம். மறுநாள் யாருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. அவருக்குக் குகிஷி என்று பேர். குகி என்றால் ஆணி."

நான் பதில் பேசவில்லை. கடல் கடந்து அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1973-இல் மூங்கில்துறைப்பட்டிலேயே ஒரு குகிஷி இருந்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு அப்பா திருவண்ணாமலை போவதாக இருந்தார். கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஒருவரைத்தான் அழைத்துப் போவேன் என்றார். நானும் ஒன்பது வயதுத் தங்கையும் மூன்று நாள் சண்டை போட்டோம். கடைசியில் அப்பா, "வாய்ச் சண்டை வேண்டாம். நாளைக் காலையில் ஆளுக்குப் பத்துக் குண்டு. பலகை சொல்லட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் இருவரின் ஆட்டமும் வேறு வேறு. நான் கோலைப் பலமாக இழுப்பேன். என் குண்டு வளைவை முழுதும் சுற்றி இடதுபுறத்து 100-இலும் 50-இலும் விழும். தங்கையோ இரண்டு விரலால் பூப் பறிப்பதுபோல் மெல்ல இழுப்பாள். அவள் குண்டு உச்சியில் தயங்கி நின்று, நேரே 200-இன் வாசலில் இறங்கும். பத்துக்கு மூன்று தடவையாவது இறங்கும். அது ராசியன்று, சாமர்த்தியம். அவளோடு நேர்மையாக ஆடி நான் ஜயித்ததே இல்லை.

அன்றிரவு எல்லாரும் தூங்கிய பின், அப்பாவின் குறட்டால் அந்த இரண்டு ஆணிகளையும் ஓர் அழுத்து அழுத்தினேன். மறுநாள் ஒரே பலகை, அதே பத்துக் குண்டு, இருவருக்கும் ஒரே சட்டம். பார்த்தவர்களுக்கு அதில் ஒரு குற்றமும் தோன்றியிராது. அவளுடைய வழி ஒன்றுதான் அடைபட்டிருந்தது. குண்டு வாசல்வரை வந்து, முட்டி, விலகிப் போயிற்று. மறுபடியும் முட்டிற்று. பத்தாவது குண்டு பூஜ்யத்தில் விழுந்தபோது அவள் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என் கைக்கு ராசி இல்லை" என்றாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி எடையைத் திருடும் வியாபாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகம் சிவந்துவிடும். அவர் தோளில் உட்கார்ந்துகொண்டுதான் 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் எரிவதை நான் பார்த்தேன். 1998-இல் அவர் காலமானார். அவரிடம் சொல்லவே இல்லை.

தங்கை பிறகு பலகையைத் தொடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தேன். "எனக்கு எதில்தான் ராசி இருக்கிறது, அண்ணா? போட்டுத்தான் என்ன?" என்றாள். காகிதம் அலமாரியிலேயே கிடந்தது. தேதி கடந்து போயிற்று. ஓர் ஆணி ஒரு ஜீவியத்தையே வளைத்துவிட்டது என்று சொன்னால் மிகையாகும். அவளுக்கு நல்ல குடும்பம் அமைந்தது, குறைவில்லாமல் இருக்கிறாள். ஆனாலும் அவள் 'ராசி இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் என் விரல்களில் அந்தக் குறடு கனத்தது.

அமெரிக்காவில் இந்த வம்சத்து ஆட்டம் ஒன்றை, அது வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரத்தில் 1942-இல் தடுத்துவிட்டார்கள். 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபையாரின் முன்னால், குண்டு எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லி, அப்படியே இறக்கிக் காட்டினார். தடை நீங்கிற்று. அதிர்ஷ்டமன்று, கைத்திறமை என்று ஒரு நகரமே ஒப்புக்கொண்டது. என் தங்கைக்கு அதைச் சொல்ல ஒருவனுமில்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

இப்பொழுது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. குறட்டை எடுத்து ஆணியை நிமிர்த்திவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, பலகையும் பூரணமாகிவிடும். அதற்கென்றே குறட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் ரகசியமாக வளைத்ததை ரகசியமாகவே நிமிர்த்துவது இரண்டாவது திருட்டு என்று தோன்றிற்று. குறட்டைப் பலகையின் மேலேயே வைத்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் குழந்தைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். தங்கையைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினேன். "அட, நம்ம குண்டுப் பலகை!" என்று தடவிப் பார்த்தாள். "பாப்பா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன். அறுபத்து நான்கு வயதில் வார்த்தைகள் அவ்வளவு சிரமமாக வெளிவரும் என்று நான் நினைத்ததில்லை.

அவள் வெகு நேரம் பேசவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு கேட்டாள்: "அன்றைக்குத் தீபம் எப்படி இருந்தது, அண்ணா? வந்து ஒரு வார்த்தைகூட நீ சொல்லவில்லையே."

உண்மைதான். பயத்தினால் நான் சொல்லவில்லை. இப்போது நினைவிலிருந்ததைச் சொன்னேன்: உச்சியில் சட்டென்று எழுந்த ஜுவாலை, லட்சம் பேர் ஒரே குரலாய்ப் போட்ட கோஷம், அப்பாவின் வேர்த்த தோள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு குறட்டை அவளே எடுத்தாள். முதலில் ஓர் ஆணி, பிறகு மற்றது. மெல்ல, மிக மெல்ல நிமிர்த்தினாள். குண்டை வாசலில் நுழைத்துப் பார்த்தாள். தடங்கலில்லாமல் உள்ளே போயிற்று. கோலை இரண்டு விரலால் பிடித்து, அதே பழைய மாதிரி இழுத்தாள்.

முதல் குண்டு தவறிற்று. இரண்டாவதும் தவறிற்று. மூன்றாவது வாசலில் நின்று யோசித்து விலகிப் போயிற்று. எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்தேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆணிகளைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள்.

"பழக்கம் விட்டுப்போச்சு, அண்ணா. இன்னும் ஏழு குண்டு இருக்கிறதே" என்றாள்.