கரித்துண்டும் திருத்துணியும்

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஆனையூர் இளையோர் சிலரை அழைத்துக்கொண்டு கீழடி அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களைக் கண்டு அவர்கள் அடைந்த பூரிப்பைச் சொல்லி மாளாது. திரும்பும் வழியில், என் அருகே அமர்ந்திருந்த இயற்பியல் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஃபாதர், மண்ணுக்குள் கிடந்த கரித்துண்டுக்கு 2600 வயது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கரிமத்தை ஓயாமல் உண்டாக்குகின்றன. செடிகொடிகள் அதைக் காற்றிலிருந்து ஏற்கின்றன. அவற்றை உண்ணும் உயிர்களுக்கும் அது சென்று சேர்கிறது. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5730 ஆண்டுகளில் பாதி கரையும். எஞ்சியதில் பாதி கரைய இன்னொரு 5730 ஆண்டுகள். எஞ்சியிருப்பதை அளந்து, ஆண்டு வளையங்களால் வயது தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டுத் திருத்தினால், அந்த உயிர் மறைந்த காலம் தெரியவரும். அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிபி 1949-இல் இம்முறையை நிறுவிக் காட்டினார். 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

கீழடியில் கிடைத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது கி.மு. 205-ஐச் சேர்ந்தது என்றும் 2019-இல் அறிவித்தார்கள்.

சுற்றுச் சாலையில் வண்டி திரும்பியபோது யானைமலை தெரிந்தது. "அந்த மலைக்கும் இதே கணக்குத்தானா?" என்றாள். இல்லை. கார்பன் 14 ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் வாய் திறவாது. பாறையோ என்றும் உயிரோடு இருந்ததில்லை. பாறைகளுக்கு வேறு சாட்சி உண்டு. சிர்கான் என்னும் மணல் போன்ற படிகத்துக்குள் யுரேனியம் சிறைப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வகை பாதியாகி ஈயமாவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஈயம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு என்று அளந்தால் படிகம் பிறந்த காலம் புலப்படும். மதுரை வட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெப்பத்தில் உருமாறியவை என்று அறிந்தது இத்தகைய அளவீடுகளால்தான். ஈய அளவீட்டைக் கொண்டே, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் கிளேர் பாட்டர்சன் கணித்தார்.

தொடக்க நூலின் ஆறு நாள்களைப் பற்றி அடுத்துக் கேட்பாள் என்று எதிர்பார்த்து, விடையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "போன வெள்ளி சிலுவைப்பாதையில் தூரின் திருத்துணியைப் பற்றி மறையுரை ஆற்றினீர்களே, ஃபாதர்! அதையும் இதே கார்பன் முறையில் அளந்தார்கள் அல்லவா? அதை ஏன் சொல்லவில்லை?"

எனக்கு நாவெழவில்லை. தெரியாமல் விட்டதன்று, குருமடத்திலேயே படித்தது. 1988-இல் அஞ்சல்தலை அளவுள்ள துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அமெரிக்காவின் அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே அளந்தன. துணி 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்பது முடிவு. அதை அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உலகுக்கு அறிவித்தவர் திரு அவையின் பகைவர் அல்லர். தூரின் பேராயர் கர்தினால் பல்லெஸ்த்ரேரோவே. துண்டு வெட்டிய மூலை பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டதோ, மாசுபட்டதோ என்று ஐயம் எழுப்புவோர் உண்டு. ஐயம் எழுப்பட்டும், ஆனால் அதற்கு விடை மேலும் ஆய்வதில் இருக்கிறது, மூடி மறைப்பதில் இல்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1998-இல் தூரினில், இதைத் தீர்ப்பது அறிவியலாரின் பணி என்றே கூறினார்.

திருமண ஓலைக்காகப் பெண்ணின் வயதை ஓராண்டு கூட்டி எழுதித் தரும்படி கேட்டு வந்த பெற்றோரை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ளதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன் என்று சொல்லும் அதே கை, பீடத்தில் நின்று ஓர் அளவீட்டை மறைத்துவிட்டது. பக்தி குன்றிவிடுமே என்று அஞ்சினேன். கீழடியின் வயது தமிழன் என்ற முறையில் எனக்கு இனித்தது, ஏற்றேன். துணியின் வயது கத்தோலிக்கன் என்ற முறையில் கசந்தது, விழுங்கிவிட்டேன். அளந்த முறையோ ஒன்றே.

கர்தினால் அறிவித்த பத்தாம் நாள், அக்டோபர் 23 அன்று, உரோமையில் ஒருவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்: டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ. 1667-இல் கத்தோலிக்கரானவர், குலையாத மண்ணடுக்குகளில் கீழே உள்ளதே முந்தியது என்ற விதியை 1669-இல் எழுதியவர், பின்னர்க் குருவாகி ஆயருமானவர். கீழடியில் ஆழத்துக் கரி மூத்ததாகவும் மேலடுக்குக் கரி இளையதாகவும் அமைந்தது அவர் சொன்ன ஒழுங்கின்படியே. மண்ணை உள்ளது உள்ளபடி படித்தது அவருடைய புனிதத்துக்குத் தடையாகவில்லை.

அடுத்த வெள்ளியன்று மறையுரையில் விட்டதைச் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். கோவிலில் சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. வழிபாடு முடிந்ததும் முதியவர் ஒருவர் வந்து, "இது தெரியாமலே இருந்திருக்கலாம், சாமி" என்றார். அவர் வீட்டில் அந்தத் திருமுகப் படம் நாற்பது ஆண்டுகளாக மாட்டியிருக்கிறதாம். "படத்தைக் கழற்ற வேண்டுமா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. வேண்டாம் என்றேன். நம் விசுவாசம் அந்தத் துணியில் தொடங்கவில்லை; அதை நம்ப வேண்டுமென்று திரு அவை எவரையும் கட்டாயப்படுத்தியதும் இல்லை. அந்த முகத்தின் முன் அவர் நாற்பது ஆண்டுகள் செபித்த செபத்திற்கு எந்த ஆய்வகமும் வயது குறிக்கவில்லை.

அவர் ஆறுதல் அடைந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறு வெள்ளியும் சிலுவைப்பாதைக்கு வந்திருந்தார். அந்த மாணவியும் வந்திருந்தாள்.