தம்பூன் மலையில் ஒரு காவிச் சுவர்

ஈப்போவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயில், தீபாவளிக்குத் துணிக்கடை, பிள்ளைகள் அடம்பிடித்தால் தம்பூனில் உள்ள நீர் விளையாட்டுப் பூங்கா, திரும்பும் வழியில் இரண்டு பம்பளிமாஸ். அந்தப் பூங்காவின் பெயரே ‘தொலைந்த உலகம்’ என்று பொருள்படும். சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக உள்ளே போகிறார்கள். அதே தம்பூனில், கூட்டமும் ஆரவாரமும் இல்லாமல், உண்மையிலேயே தொலைந்துபோன ஓர் உலகம் பாறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. குவா தம்பூன் என்று பெயர். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

தானா ராத்தாவிலிருந்து நமக்கு அது தூரமும் இல்லை. பிரிஞ்சாங், கம்போங் ராஜா தாண்டி சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் சுமார் இரண்டு மணி நேரம். தாப்பா வழியாக வளைந்து வளைந்து இறங்கிய காலத்தில் ஈப்போ என்றாலே ஒரு நாள் போய்விடும். இப்போது காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போகும். கம்பளிச் சட்டையைக் கழற்றும் நேரத்தில் மலை முடிந்து, வெள்ளையும் சாம்பலுமாகச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் கண்ணில் படும். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவை கடலடியில் இருந்தவை. சிப்பியும் பவழமும் படிந்து படிந்து இறுகிய கல். சில குன்றுகளில் ஒரு பக்கத்தையே காணோம். கல் உடைத்து எடுத்துவிட்டார்கள். சிமெண்டும் பளிங்கும் நமக்கும் வேண்டியிருக்கிறதே, யாரைக் குறை சொல்வது?

பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேரையும், கூட வர இசைந்த சில பெற்றோரையும் ஒரு வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி ஒருவர், “பேரப்பிள்ளை போற இடத்துக்கு நானும் வர்றேன்” என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். படி ஏற வேண்டியிருக்குமே என்று தயங்கினேன். “மலையில ஏறி எறங்கின காலு வாத்தியாரே, இது என்ன படி!” என்று என் வாயை அடைத்துவிட்டார். சொன்னபடியே எனக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குகை என்றதும் இருட்டையும் வௌவாலையும் எண்ணிக்கொள்ளாதீர்கள். மலை அடிவாரத்திலிருந்து படியும் புதருமாக ஏறினால், குன்றின் நெற்றிபோல் பாறை முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே மழை படாத ஒரு திண்ணை. நம் லயத்து வீட்டு முன்வாசலைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதுதான். அங்கே நின்றுகொண்டு தலையை நிமிர்த்தினால், கை எட்டாத உயரத்தில் சிவப்பு.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியாது. பாசியா, கறையா, இரும்புத் துருவா என்று தோன்றும். பிள்ளைகள், “எங்கே சார், எங்கே சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண் பழக வேண்டும். பிறகு ஒரு மான் வரும். அதன் பக்கத்தில் இன்னொன்று. கையை விரித்து நிற்கும் மனிதன். மீன். தப்பிரைப் போல் தடித்த ஒரு விலங்கு. ஆவுளியா என்று நம்மவர் சொல்லும் கடற்பசுவைப் போன்ற ஓர் உருவம். கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்! ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலோரம் இன்னும் உள்ளே வந்திருந்தது என்பார்கள்; வரைந்தவர் கடலைப் பார்த்தவராகவும் இருக்கலாம். ஒரே செம்மையும் அல்ல. ஆரஞ்சு, இரத்தச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. ஒரே நாளில் ஒருவர் வரைந்ததல்ல என்று பார்த்தாலே தெரிகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நோயல் ஹிடால்கோ தான் என்பவர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்து, 600-க்கு மேற்பட்ட உருவங்கள் இருப்பதைக் காட்டினார். நம் கண்ணுக்கு இருபது முப்பது தேறினாலே பெரிய காரியம்.

பாட்டி வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, “வாத்தியாரே, இது நம்ம வாசப்படியில பூசற காவிதானே?” என்றார்.

அதேதான்! இரும்புச் சத்து நிறைந்த செங்கல்லை, ஹெமடைட் என்று அறிவியலில் சொல்லும் காவிக்கல்லை, இடித்துப் பொடியாக்கிப் பூசியிருக்கிறார்கள். உலகெங்கும் இத்தகைய ஓவியங்களுக்குப் பொடியைத் தண்ணீரிலோ பிசினிலோ கொழுப்பிலோ குழைத்திருக்கிறார்கள். இலைச்சாறு ஒரு மழைக்கு நிற்காது. காவியோ துருப்பிடித்து முடிந்த இரும்பு. இனி மாறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, அதனால் வெளுப்பதில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கோலத்தைச் சுற்றிக் காவிப்பட்டை இடும் நம் பெண்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவேண்டியதே இல்லை. இவ்வளவு உயரத்தில் எப்படிப் பூசினார்கள் என்றுதான் பிள்ளைகள் மூளையைக் குழப்பிக்கொண்டார்கள். மூங்கில் சாரம் என்றான் ஒருவன். அந்தக் காலத்தில் தரையே உயரமாக இருந்திருக்கும் என்றாள் ஒருத்தி. இரண்டையும் தள்ளிவிட முடியாது.

இந்தச் சுவர் வெளியுலகுக்குத் தெரிந்த கதையும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களின் காலத்தைச் சேர்ந்ததுதான். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலம் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி வாயிலாக வந்திருக்கும்: முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. அந்தச் சமயத்தில் கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1959-ஆம் ஆண்டு இந்தக் குன்றுப் பக்கம் வந்தபோது ஓவியங்களைக் கண்டு தெரிவித்தார். ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது வழக்கம். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் அதற்கு முன்னே நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார்களா என்ன!

எவ்வளவு பழையது? புதிய கற்காலத்தைச் சேர்ந்தது, சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. உலகக் கணக்கில் பார்த்தால் இது இளையதுதான். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு குகையில் உள்ள பன்றி ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டு பழையது என்று 2024-இல் அறிவித்தார்கள். இந்தியாவில் பீம்பேட்காவை 1957-ஐ ஒட்டி வாகண்கர் என்ற அறிஞர் வெளியே கொண்டுவந்தார். 2003-இல் அது உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலும் உண்டு: விழுப்புரம் பக்கம் கீழ்வாலை, நீலகிரியில் கரிக்கியூர். கீழ்வாலையிலும் இதே காவிச் சிவப்புத்தான்.

வரைந்தவர் யார் என்ற கேள்விக்குப் பாறையில் கையெழுத்து இல்லை. ஆனால் இந்தத் தீபகற்பத்தின் மூத்த குடிகள் ஓராங் அஸ்லி மக்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நம் கேமரன் மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் செமாய் இனத்தவர். தாப்பா சாலையோரத்தில் பெட்டாயும் தேனும் விற்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களை நம் தோட்டங்களில் ‘சக்காய்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அவர்களுக்கு வசை. அடிமை என்ற பொருளில் வழங்கிய சொல் அது. நம்மை இழிசொல்லால் அழைத்தால் நமக்கு எப்படிச் சுருக்கென்று தைக்கும்? வேனில் வரும்போதுகூட ஒரு பையன் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தான். மலை மேல் நின்று மானைப் பார்த்த பிறகு அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

பேராக்கின் வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் உலக மரபுடைமை இடமாக அறிவிக்கப்பட்டது. குவா குனோங் ருந்து என்ற குகையில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. ‘பேராக் மனிதன்’ என்று பெயர். சுமார் பத்தாயிரம் ஆண்டு பழையது. பிறவியிலேயே ஒரு கை ஊனம். அந்தக் கையோடு வேட்டைக் காலத்தில் நாற்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். கால்களை மடக்கி வைத்து, உணவும் கல்லாயுதமும் கூடவே இட்டு, முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். காட்டுமிராண்டி என்று யாரைச் சொல்வது?

அதே பள்ளத்தாக்கில் இன்னொரு வகைச் சித்திரமும் உண்டு. லானோ என்ற ஓராங் அஸ்லி இனத்தார் கரித்துண்டால் பாறையில் வரைந்தவை. காலம் நூறு, நூற்றைம்பது ஆண்டுதான். தங்கள் காட்டுக்குள் வந்து சேர்ந்த புதிய மனிதர்களையும் வண்டிகளையும்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் தாய்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய அதே காலத்தில், ஒருவர் குகை வாசலில் குந்தி உட்கார்ந்து, வந்தவர்களைக் கரியால் குறித்துக்கொண்டிருந்தார்!

இதை நான் தம்பூன் திண்ணையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாணவி குறுக்கே கேட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மேலே உள்ள மானை அல்ல; கை எட்டும் உயரத்தில் யாரோ பெயிண்டால் எழுதிவைத்த பெயர்களை. “சார், கரியில வரைஞ்சதும் கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதைக் காப்பாத்தறாங்க. இந்தப் பேரையும் ஆயிரம் வருஷம் கழிச்சு வந்து ஆராய்ச்சி பண்ணுவாங்களா?”

வகுப்பறையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. பெற்றோர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்ன பதில் இது: லானோ மக்கள் தாங்கள் குடியிருந்த சுவரில், தாங்கள் கண்டதை வரைந்தார்கள். இங்கே பெயர் எழுதியவர் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை. தான் வந்ததை மட்டும் சொல்கிறார், அதையும் பிறர் சுவரில். அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன். “அவங்க முன்னாடி வரைஞ்சவங்க மேலேயே வரைஞ்சிருக்காங்களே சார்” என்று ஆரஞ்சின்மேல் ஏறிய சிவப்பைக் காட்டினாள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்பு, கீழே இருந்த கதையை அறிந்தவர்கள் கையால் வந்திருக்கலாம். பெயிண்டு டப்பாவோடு வந்தவருக்கு அந்தக் கதை தெரியாது, தெரிந்துகொள்ளவும் நிற்கவில்லை.

பெயிண்டை அழித்துவிடலாமே என்பீர்கள். இரசாயனம் போட்டுத் துடைத்தால் பெயிண்டோடு பாறையின் தோலும் உரியும். அருகில் காவி இருந்தால் அதுவும் போகும். படம் தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. அது அதைவிடக் கெடுதல். ஈரம் பாசியைக் கூட்டி வரும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் மலையேறி வந்து காவல் காக்காது. தன்னார்வலர்கள் பாதையைத் துப்புரவு செய்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிறார்கள். பேருந்து நிறுத்தம் தொடங்கிக் கோயில் தூண் வரை பெயர் கிறுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேலே போகும்முன் என் பிள்ளைகளின் பைகளில் இருந்த மார்க்கர் பேனாக்களை வாங்கி வேனிலேயே வைத்தேன். நான்கு இருந்தன.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். மழை நாளிலும் மழைக்கு மறுநாளும் வேண்டாம், படி வழுக்கும். சுண்ணாம்புக்கல் குன்றின் அடியில் தேவையின்றி அதிக நேரம் நிற்கவும் வேண்டாம். 1973-இல் ஈப்போவின் குனோங் செரோவில் பாறை சரிந்து நாற்பது பேர் அளவில் மாண்டதை அந்தப் பக்கத்துத் தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை. இறுக்கமான காலணி, முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, நிறையத் தண்ணீர். தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று இரவல் கிடைத்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் பாதி உருவங்கள் தப்பிவிடும். அங்கே கடையோ கழிப்பறையோ இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வேனிலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது.

இறங்கியதும் சாலையோரக் கடைகளில் பம்பளிமாஸ் தொங்கும். பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், கையில் தூக்கிக் கனமானதாகப் பார்த்து எடுங்கள் என்பது பாட்டியின் யோசனை. நான்கு மணிக்குள் புறப்பட்டுவிட்டால், கம்போங் ராஜாவில் மூடுபனி இறங்குமுன் மேடேறிவிடலாம்.