கோதுமையை நிறுத்தியும் தீராத வயிற்றுவலி

பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று வாய் திறந்தால் போதும், தோட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவார்கள். ஓமத்தண்ணீர் கொடு என்பார் ஒருவர். பூச்சி மருந்து கொடு என்பார் இன்னொருவர். குடல் ஏறியிருக்கிறது, தட்டிவிட வேண்டும் என்பார் மூன்றாமவர். வீட்டில் மூத்தவர்கள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் அத்தனையும் செய்து பார்த்தும் பிள்ளை தேறவில்லை என்றால் பெற்றவள் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் வாழ்ந்தவள் நான். என்னைப் போன்ற தாய்மார்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜொகூரில், குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கணவர் குலை அறுக்கிறார். நான் நர்சரியில் வேலை செய்கிறேன். மூத்தவள் பெண். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்த்தபோது வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். தம்பி அவளை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டவுடன் வயிறு பானைபோல் உப்பும். சில நாள் நாற்றத்தோடு வெளுத்த கழிச்சல் போகும்; சில நாள் ஒன்றுமே போகாது. கையும் காலும் குச்சி. முகத்தில் இரத்தமே இல்லை. இரும்புச் சத்து மருந்து மாதக்கணக்கில் குடித்தும் இரத்தம் ஏறவில்லை. கடைசியில் பட்டணத்துக் கிளினிக் டாக்டர் ஒருவர், இது வெறும் பூச்சித் தொல்லை அல்ல என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்றார்கள்.

அப்படி ஒரு பேரை நாங்கள் கேட்டதே இல்லை. டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்லுகிறேன். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசும்போது அது ரப்பர்போல் இழுபடுகிறதல்லவா? அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இது இருக்கிறது. நம் சிறுகுடலின் உட்புறம் துவாலைத் துண்டின் நூல்முடிகளைப்போல் லட்சக்கணக்கான சிறு விரல்கள் உண்டு. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். இந்த நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் காவல் சக்தியே திரும்பி அந்த விரல்களைத் தாக்கி மழித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டுமா? இது தொற்றுநோய் அல்ல. தீர்க்கும் மாத்திரையும் கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதுதான் மருந்து.

இதைக் கண்டுபிடித்த கதையும் நம் பாட்டிமார் கதையோடு சேர்ந்ததுதான். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், ஹாலந்து நாட்டில் ரொட்டி இல்லாமல் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அங்கே வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர், கோதுமைதான் இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று முன்பே சந்தேகப்பட்டிருந்தார். ஊரே வாடிய அந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. 1950-இல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் பத்தியம் அதிலிருந்து வந்ததுதான்.

நம்மவர்களுக்கு இது வருமா என்று கேட்பீர்கள். கோதுமை தின்னும் வட இந்தியாவில் அதிகம், தென்னிந்தியாவில் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. 2015-இல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்றில் 562 இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரிடம் இந்த நோயின் அடையாளம் தெரிந்தது.

நெல்லில் குளூட்டன் இல்லை என்று கேட்டபோது எங்களுக்குப் பாதி பாரம் இறங்கியது. சோறு, இட்லி, தோசை, புட்டு, அரிசிமாவு இடியப்பம், மீகூன் எல்லாம் சாப்பிடலாமே! ரொட்டி, மீ, சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினோம். நான்கு மாதத்தில் இரண்டு கிலோ ஏறினாள். ஆனால் வயிற்றுவலி மட்டும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். "ஏம்மா, எல்லாத்தையும் நிறுத்தியும் வலிக்குதுன்னா, அப்புறம் எதுக்கு இந்தப் பத்தியம்? பிள்ளை ஆசையா ஒரு சப்பாத்தி திங்கட்டுமே" என்றார் என் மாமியார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பத்தியத்தை விட்டால் குடல் மறுபடி மழிந்துபோகும். வளர்ச்சியும் எலும்பும் இரத்தமும் கெடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தாரே!

அந்த நேரத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அம்மாள். பத்தியம் இருந்தும் வலி நின்றால் மூன்று இடத்தில் தேட வேண்டும் என்றார். பதினைந்து நாள் பிள்ளை வாயில் போவது ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதச் சொன்னார். மலத்தையும் சோதித்து, பூச்சியோ கிருமியோ இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள்.

முதல் இடம், ஒளிந்திருக்கும் கோதுமை. நோட்டைப் படித்த அந்த அம்மாள் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா, வயிறு குளிரட்டும் என்று சாயங்காலந்தோறும் பார்லித் தண்ணீர் கொடுத்துவந்தார். பார்லியிலும் குளூட்டன்! ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருந்தது. மீகூன் பிரட்ட ஊற்றும் கீச்சாப்பில் கோதுமை. மால்ட் சேர்ந்த பானங்களில் பார்லி. மீன் உருண்டையிலும், கடையில் பொரிக்கும் வாழைப்பழ மாவிலும் கோதுமை இருக்கலாம். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியை அரைத்தாலும் போதும், கலந்துவிடும். அன்று முதல் தாளிப்பு கறிவேப்பிலை, பூண்டோடு சரி. தூளும் மாவும் வீட்டில் அரைக்கிறோம். அவளுக்குத் தனி வடிகட்டி, தனி தோசைக்கல்.

கடைச் சாமான் வாங்கும்போது பாக்கெட்டின் பின்னால் படியுங்கள். நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். 'கண்டும்', 'தெப்போங் கண்டும்', 'பார்லி', 'மால்ட்' என்று மலாயில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 'தெப்போங் பெராஸ்' அரிசிமாவு, அது சரி.

இரண்டாவது இடம், பால். மழிந்துபோன குடலில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் போய்விடுகிறது. அதனால் பால் குடித்தால் உப்புசமும் கழிச்சலும் வரும். குடல் ஆற ஆற இது பெரும்பாலும் சரியாகிவிடும். சில மாதம் பாலை நிறுத்தி, புளித்த தயிரும் மோரும் கொஞ்சமாகக் கொடுத்தோம். சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது? கேழ்வரகு இருக்கிறதே! நூறு கிராமில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, குளூட்டனும் கிடையாது. சுத்தம் செய்து வீட்டில் அரைத்துக் கூழ் காய்ச்சினேன். நெத்திலியும் முருங்கைக்கீரையும் தினமும் இலையில் இருந்தன.

மூன்றாவது இடம், மலச்சிக்கல். கோதுமையை விலக்கி வெள்ளை அரிசியை மட்டும் நம்பினால் நார்ச்சத்து குறைந்துவிடும். மலம் கட்டினாலும் வலிதான். பப்பாளி, கீரை, பச்சைப்பயறு, தண்ணீர் இவற்றைக் கூட்டினோம். காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்துக்குமுன் பத்து நிமிடம் நிதானமாக உட்காரப் பழக்கினோம்.

இவ்வளவும் செய்தபின் மூன்றே மாதத்தில் வலி வாரம் மூன்றிலிருந்து மாதம் ஒன்றானது. இரத்தப் பரிசோதனை நன்றாக வர ஒரு வருடத்துக்குமேல் ஆனது. குடல் ஆற நாளாகும். அதுவரை பொறுமைதான் பாதி மருந்து.

பணம் நிறையச் செலவாகுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குளூட்டன் இல்லாத ரொட்டி, ஜொகூர் பாருவின் பெரிய கடைகளில் வெளிநாட்டுச் சரக்காக இருக்கிறது. விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தும் அந்த ரொட்டி நமக்குக் கட்டுப்படியாகாது. அது தேவையுமில்லை. அரிசி, கேழ்வரகு, மரவள்ளி, பயறு, மீன், முட்டை, கீரை — தோட்டத்து அடுப்பில் எல்லாம் இருக்கின்றன.

உண்மையான கஷ்டம் வெளியே சாப்பிடும்போதுதான். பள்ளியின் துணை உணவுத் திட்டத்தில் மீ போடும் நாளில் டப்பாவில் இட்லி அனுப்புகிறேன். ஆசிரியையிடம் டாக்டர் சீட்டைக் காட்டிச் சொல்லி வைத்தேன். கல்யாண வீட்டில் கேசரியும் பூரியும் நீட்டுகிறவர்களிடம் "வேண்டாம், எனக்கு ஒத்துக்காது அத்தை" என்று அவளே சொல்லப் பழகிவிட்டாள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் இருக்கும் காப்பிக் கடையில் சுடும் ரொட்டியின் வாசனைக்கு மட்டும் இன்றும் திரும்பிப் பார்ப்பாள். எனக்கு மனம் வலிக்கும். என்றாலும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவோம்.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். பரிசோதனைக்குமுன் நிறுத்தினால் நோய் இருந்தும் இரத்தத்தில் தெரியாமல் போகலாம். வயிற்று உப்புசம், ஓயாத கழிச்சல், ஏறாத இரத்தம், நின்றுபோன வளர்ச்சி ஆகியவை சேர்ந்து இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டி, இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். நோய் என்று தெரிந்து பத்தியம் தொடங்கிய பிறகும் வலி நின்றால், பத்தியத்தைக் கைவிடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்குங்கள்.