பதினாறு போல்ட்டுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர் யாரோ தெரியாது. ஆனால் நிச்சயம் அவர் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பெண்பிள்ளையாக இருந்திருந்தால், "கான்கிரீட் போடும் இடத்தில் வாயைத் திறந்து பார்" என்றும் ஒன்று சேர்த்துச் சொல்லியிருப்பார்.

நான் சொல்லப் போவது இரும்பு போல்ட்டைப் பற்றி. "ஐயோ, இதற்கா இத்தனை பக்கம்!" என்று புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. உங்கள் மொட்டை மாடியிலும் துணி உலர்த்தத் தகரக் கொட்டகை இருக்கலாம். வாசலில் கார் நிறுத்த ஒரு கூரை இருக்கலாம். அதன் கால்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை, 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வரையில்.

அன்றைக்குத்தான் சென்னையில் வர்தா புயல் அடித்தது. புறநகரில் என் பிறந்தகத்து மாடியில் அப்பா ஆசையாக ஒரு தகரக் கூரை போட்டிருந்தார். காலையிலிருந்து அது கடகடவென்று அலறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் தாக்குப் பிடித்தது. பிற்பகலில் காற்று திடீரென்று அடங்கியது. "புயல் போய்விட்டது, கூரை பிழைத்தது" என்று அப்பா சந்தோஷமாக மாடிக்குப் போனார். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது அப்படித்தான் ஒரு போலி அமைதி வரும், அது கடந்ததும் காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்ப வரும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்ட விஷயங்கள். காற்று திரும்பியது. கூரை குடை மடங்குவதுபோல் மேலே எழும்பியது. அதன் கால் தகட்டைப் பிடிக்கப் போன அப்பாவின் வலது கையைக் கிழித்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் விழுந்தது. அங்கே ஆள் இல்லை, பகவான் காப்பாற்றினார். ஆனால் அப்பாவின் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றுவரை மடங்குவதில்லை.

மறுநாள் மாடி ஏறிப் பார்த்தேன். கான்கிரீட்டில் போல்ட்டுகள் இருந்த இடத்தில் வழவழவென்று குழிகள். ஆடிய பல்லைப் பிடுங்கின ஈறு மாதிரி. ஒரு போல்ட்டுகூட உடையவில்லை, வளையவில்லை. எல்லாம் முழுசாகக் கழன்று வந்திருந்தன.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அந்த போல்ட்டுகளை நட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். காப்பி கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். கான்கிரீட்டைக் கொட்டி, மட்டம் தட்டி, டீ சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு, பாதி இறுகியிருந்த சிமெண்டில் ஓர் ஆள் போல்ட்டுகளைக் கையால் குத்தி நிறுத்தினான். நேராக நிற்காததை ஒரு செங்கல்லை அண்டைகொடுத்து நிறுத்தினான். "இது நிற்குமா?" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆண்பிள்ளைகள் நாலு பேர் நிற்கும் இடத்தில் நமக்கு எதற்கு என்று காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அப்பாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டம்ளர்கள்தான் ஞாபகம் வரும்.

இது முதல் கதை. இரண்டாவது கதை 2022-இல், எங்கள் சொந்த வீட்டில்.

எங்கள் தெருவில் ரோடு போடப் போட மட்டம் உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. வாசல் பக்கம் மண்ணை உயர்த்தி, பக்கவாட்டில் மண் சரியாமலிருக்க ஒரு கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. நீளம் 10 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர், கனம் 25 சென்டிமீட்டர். அதன் தலையில் நான்கு இரும்புக் கால்களை நிறுத்தி, கார் நிறுத்தக் கூரை போடுவதாக ஏற்பாடு. ஒரு காலுக்கு நாலு போல்ட்டு வீதம் பதினாறு. என் வீட்டுக்காரருக்கு அப்போது வெளியூரில் வேலை. மேற்பார்வை யார்? சாக்ஷாத் நானேதான்.

சென்ட்ரிங் ஆள் வந்த முதல் நாளே, "போல்ட்டைப் பத்தி இப்ப என்னம்மா கவலை? கான்கிரீட் போட்டப்புறம் சொருகிக்கலாம்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதிர்வீட்டுப் பெண் சிவில் இஞ்சினீயரிங் படித்து வேலை பார்க்கிறவள். சாயங்காலம் அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, கெட்டி மாவில் விரலை விட்டு எடுத்தால் குழி அப்படியே நிற்கும் இல்லையா?" என்று ஆரம்பித்தாள். கூலிக்காரன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சிமெண்டு கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். பிறகு போல்ட்டைச் சொருகினால், அது ஜல்லியை ஒதுக்கிக்கொண்டு இறங்குமே ஒழிய, ஜல்லி திரும்பி வந்து அதைக் கட்டிக்கொள்ளாது. சுற்றிலும் நீர்த்த சிமெண்டுப் பாலும் காற்றுச் சந்தும்தான் மிஞ்சும். "கான்கிரீட்டுக்கு அமுக்கினால் தாங்கத் தெரியும், மாமி, இழுத்தால் தாங்கத் தெரியாது. அமுக்கத்தைத் தாங்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். கூரை கீழே அழுத்தும்போது எந்த போல்ட்டும் நிற்கும். காற்று மேலே தூக்கும்போதுதான் பரீட்சை" என்றாள்.

அப்பாவின் மாடியில் நான் பார்த்த வழவழப்புக் குழிகளுக்கு ஆறு வருஷம் கழித்து அர்த்தம் கிடைத்தது.

அவள் சொல்லிக்கொடுத்தபடி போல்ட்டுகளைச் செய்யச் சொன்னேன். 16 மில்லிமீட்டர் தடிமன், 45 சென்டிமீட்டர் நீளம். அடிநுனியை 'ட' எழுத்துப்போல் வளைத்து விடுகிற வழக்கமும் உண்டு. ஆனால் பலமாக இழுத்தால் அந்த வளைவு நிமிர்ந்து வழுக்கி வந்துவிடலாமாம். அதனால் எங்களுடையதற்கு அடியில் தடித்த சின்னத் தகடு ஒன்றும், அதை இறுக்க நட்டும். அப்புறம் அந்த போல்ட்டைப் பிடுங்க வேண்டுமானால் மேலே உள்ள கான்கிரீட்டையே கூம்பாகப் பெயர்த்துக்கொண்டுதான் வர வேண்டும்.

சரி, போல்ட்டு தயார். கான்கிரீட் வந்து விழும்போது அது அசையாமல் நிற்க வேண்டுமே! வித்தை அங்கேதான் இருக்கிறது. 10 மீட்டர் சுவருக்குள் விழப் போகிற கான்கிரீட் சுமார் 9,000 கிலோ. இறுகுவதற்கு முன் அது தண்ணீரைப்போல் பக்கப் பலகைகளைத் தள்ளும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 3,600 கிலோ வரை தள்ளுமாம். பலகை வயிறு தள்ளினால் அதோடு போல்ட்டும் நகரும். போல்ட்டு நகர்ந்தால் என்ன? இரும்புக் காலின் அடித்தகட்டில் துளை 18 மில்லிமீட்டர். போல்ட்டு 16. ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்தான் தாராளம். நம் வளையல் பருமன்கூட இல்லை!

மேஸ்திரி வயசானவர், கைராசிக்காரர் என்று பெயர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "முப்பது வருசமா வேலை செய்யறேன்மா" என்றார். "அதனால்தான் மேஸ்திரி உங்களைக் கூப்பிட்டோம்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தடித்த ப்ளைவுட்டில் நாலு சதுரங்கள் வெட்டினார்கள். கூரைக் காலில் வரப் போகிற நிஜத் தகட்டையே மேலே வைத்து, அதே துளைகளைப் பலகையில் போட்டார்கள். அளந்து போடுவதைவிட அசலை வைத்துப் போடுவது மேல். ரவிக்கைக்கு அளவு ரவிக்கை கொடுப்பதுபோல. நடுவில் ஒரு பெரிய ஓட்டை, கான்கிரீட் இறங்குவதைப் பார்க்க. ஒவ்வொரு போல்ட்டையும் துளையில் விட்டு, பலகைக்கு மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு போட்டு இறுக்கினார்கள். இப்போது போல்ட்டு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பலகையைச் சுவரின் இரண்டு பக்கச் சென்ட்ரிங்கோடும் சேர்த்து ஆணி அடித்தாயிற்று.

தலையைப் பிடித்தால் போதுமா? காலும் ஆடக்கூடாதே! போல்ட்டின் அடிப்பாகத்தைச் சுவருக்குள் இருக்கும் கம்பிக்கூட்டோடு இரண்டு இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். "வெல்டிங் வெச்சுட்டா ஒரே நிமிசம்" என்றான் ஒரு பையன். கூடாது என்றேன், கண்டபடி சூடு பட்டால் சில இரும்பு அந்த இடத்தில் நொறுங்கும் சுபாவத்துக்கு வந்துவிடும் என்று எதிர்வீட்டுப் பெண் எச்சரித்திருந்தாள். மரையில் கிரீஸ் தடவி, டேப் சுற்றினோம். சிமெண்டு புகுந்தால் பிறகு நட்டு ஏறாது. முதல் காலிலிருந்து நாலாவது கால் வரை நூல் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். கடைசியில் நான் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பலகையிலும் சென்ட்ரிங்கிலும் சேர்ந்தாற்போல் ஒரே கோடாகக் கிழித்து வைத்தேன். பலகை நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். பேரனின் உயரத்தைச் சுவரில் குறித்து வைக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

கான்கிரீட் போடும் நாள் வந்தது. கலவை மிஷின் சத்தமும், சித்தாள்களின் ஓட்டமும், மேஸ்திரியின் அதட்டலுமாக வாசல் கல்யாண வீடாகிவிட்டது. ஒரேயடியாகக் கொட்டாமல் முழங்கால் உயரம் முழங்கால் உயரமாக ஏற்றினார்கள். வைப்ரேட்டர் பிடிக்கிறவனிடம் போல்ட்டைத் தொடாதே, பக்கத்தில் விட்டு எடு என்று சொல்லி வைத்திருந்தேன். மூன்றாவது பலகை வரை எல்லாம் பிரமாதம்.

அப்போதுதான் சட்டியைக் கவிழ்க்க வந்த ஒரு பையன் கால் வழுக்கி அந்தப் பலகையின் மேலேயே மிதித்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை. நான் கோட்டைப் பார்த்தேன். முறிந்திருந்தது, அரிசி ஒன்றின் நீளம் இருக்கும்.

நாக்கு நுனி வரை வந்தது. நாலு பேர் அல்ல, பதினாலு பேர் நின்றார்கள். கையில் காப்பி டம்ளர் வேறு!

"மேஸ்திரி, நிறுத்துங்கள்!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கான்கிரீட் காத்துக்கிட்டிருக்காதும்மா!" என்று அவர் மேலிருந்தே கத்தினார்.

"அதனால்தான் இப்போதே நிறுத்தச் சொல்கிறேன். இன்னும் ஒரு மணி கழித்துச் சொன்னால் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது."

அவர் இறங்கி வந்தார். கோட்டைப் பார்த்தார். நூலைப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணியைப் பிடுங்கி, பலகையைத் தட்டித் தட்டிக் கோட்டோடு கோடு சேர்த்து, மறுபடி ஆணி அடித்து, குறுக்கே ஒரு கட்டையும் கொடுத்தார். அசைந்த போல்ட்டுகளைச் சுற்றி வைப்ரேட்டரை மறுபடி இறக்கி, சந்து இல்லாமல் கான்கிரீட்டைச் சேரவைத்தார். மொத்தம் பத்து நிமிஷம். சாதாரணச் சிமெண்டு இறுகத் தொடங்க அரைமணியாவது ஆக வேண்டும் என்பது தர நிர்ணயம். அந்த அவகாசத்துக்குள் சரிசெய்துவிட்டோம். "யாருடா மிதிச்சது?" என்று அவர் திரும்பியபோது பையன் நடுங்கினான். "மிதித்தது போகட்டும், கோடு சேர்ந்துவிட்டதே" என்றேன். அவனுக்கு அன்றைக்கு இரண்டு டம்ளர் காப்பி.

மறுநாள் பக்கப் பலகைகளைப் பிரித்தார்கள். போல்ட்டுப் பலகைகளை மட்டும் இன்னும் சில நாள் இருக்கட்டும் என்றேன். ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு வாரத்துக்குமேல் வேளா வேளைக்குத் தண்ணீர் விட்டேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அதில் ஒரு திருப்தி.

மாதம் ஒன்று கழிந்து வெல்டர் இரும்புக் கால்களைக் கொண்டுவந்தார். கையோடு காஸ் சிலிண்டரும் கொண்டுவந்திருந்தார். "எதற்கு?" என்றேன். "போல்ட்டு ஒக்காராதும்மா, வழக்கமா சூடுகாட்டி வளைச்சுத்தான் மாட்டுவோம்" என்றார். நான் பேசாமல் நின்றேன். முதல் கால் தொப்பென்று இறங்கி உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது! பதினாறு போல்ட்டும் துளைக்குள் போயின. வெல்டர் சிலிண்டரைத் திறக்கவே இல்லை.

அப்பாவையும் அன்றைக்கு அழைத்து வந்திருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசி நட்டு பாக்கி இருக்கும்போது எழுந்து வந்தார். "ஸ்பானரைக் கொடு, அம்மாடி" என்றார். மடங்காத இரண்டு விரலையும் நீட்டிக்கொண்டு, மற்ற மூன்று விரலால் பிடித்துத் திருகினார். முடிகிற வரையில் யாரும் உதவிக்குப் போகவில்லை. முடித்துவிட்டுத் தகட்டை ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"இதையெல்லாம் யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

எதிர்வீட்டுப் பெண் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்று ராத்திரி சொன்னேன்: 2014-இல் நான் பார்த்ததை, கேட்காமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போனதை. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? எனக்கும் கேட்கத் தோன்றியது. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களே என்று இருந்துவிட்டேன்" என்றார்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் கான்கிரீட் போடும் அன்றைக்குக் காப்பி கொடுக்கப் போனால், டம்ளரை நீட்டியபடியே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். போல்ட்டு கான்கிரீட்டுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறதா? தலையையும் காலையும் பிடித்திருக்கிறார்களா? கோடு சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிமெண்டு இறுகுமுன் கேட்ட கேள்விக்குப் பத்து நிமிஷம்தான் செலவு.