அம்மன் காசு தேடி

சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டில் ஒரு பெரிய கிளர்ச்சி நடந்தது. அதற்குக் காரணம் அமெரிக்காவில் விற்பனையான ஓர் அட்டைத் துண்டு. மிக்கி மாண்டில் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அந்த அட்டையை 1952-ல் டாப்ஸ் என்னும் கம்பெனியார் வெளியிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த அட்டை, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் நாணயத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்! இந்தச் செய்தி எப்படியோ நம் வீட்டுக் குழந்தைகளின் காதில் விழுந்துவிட்டது.

"நாமும் இப்படி ஏதாவது சேர்க்க வேண்டும்" என்று மூத்த பையன் தீர்மானம் கொண்டுவந்தான். தங்கை ஆமோதித்தாள். நாம் எதிர்க்கவில்லை, ஆனால் அந்த அட்டையின் பூர்வ கதையையும் சொல்லி வைத்தோம். அந்த வருஷத்து அட்டைகள் விலை போகாமல் கிடங்கில் தேங்கிக் கிடந்தனவாம். பிற்பாடு 1960-ல் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றிச் சென்று கடலில் கொட்டியதாகக் கம்பெனிக்காரரே சொல்லியிருக்கிறார். எல்லாரும் வேண்டாம் என்று எறிந்த பொருளை எவரோ சில பிள்ளைகள் பத்திரப்படுத்தியதனால் அல்லவா அதற்கு இவ்வளவு மதிப்பு?

"அப்படியானால் நம் ஊரில் எல்லாரும் எறிந்துவிட்ட பொருள் எது?" என்று பெண் கேட்டாள்.

நாம் எழுந்து போய், தாத்தாவின் பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து வந்து அவள் கையில் வைத்தோம். புதுக்கோட்டை அம்மன் காசு அது. ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை இருக்கும். நம் பூர்விகம் புதுக்கோட்டைச் சீமை. வல்லத்திராக்கோட்டையில் இன்னும் உறவினர் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த வாரமே பிரயாணம் என்று முடிவாயிற்று.

புறப்படுவதற்கு முன் நாம் ஒரு காரியம் செய்தோம். அழுக்கேறிக் கறுத்துக் கிடந்த அந்தக் காசைக் குழந்தைகளோடு சேர்ந்து புளியிட்டுத் தேய்த்தோம். பளபளவென்று தங்கம் போல் மின்னிற்று. எல்லோருக்கும் பரம சந்தோஷம். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

புதுக்கோட்டையில் இறங்கியதும் நேரே திருக்கோகர்ணத்துக்குச் சென்றோம். குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் கோகர்ணேசுவரரும் பிரகதாம்பாளும் எழுந்தருளியிருக்கும் தலம் அது. பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். காசின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருப்பவள் அந்த அம்பாள்தான். மறு பக்கத்தில் தெலுங்கு லிபியில் 'விஜய' என்று பொறித்திருக்கிறது. அது வெற்றியைக் குறிப்பது என்பர் சிலர். விஜயரகுநாதத் தொண்டைமானின் பெயர் என்பர் வேறு சிலர். நாடெங்கும் விக்டோரியா ராணியின் தலையும் அவருக்குப் பின் வந்தவர்களின் தலைகளும் நாணயங்களில் வீற்றிருந்த காலத்தில், இந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்துக் கடைவீதியில் அம்பாளே புழங்கி வந்தாள் என்பதை நினைக்க நமக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று.

இருபது அம்மன் காசு கொண்டது ஓர் அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ரூபாய் ஒன்றுக்கு 320 அம்மன் காசு. நவராத்திரி நாட்களில் அரண்மனையில் ஏழை எளியவர்களுக்கு அரிசியோடு இந்தக் காசையும் வழங்குவது வழக்கமாக இருந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. அத்துடன் அம்மன் காசின் ராஜ்யமும் முடிந்தது.

திருக்கோகர்ணத்திலேயே 1910-ல் ஏற்பட்ட பொருட்காட்சிசாலை இருக்கிறது. காசு சேர்க்க விரும்பும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அங்கே நின்றபடி அவர்களுக்குக் கறுக்காக்குறிச்சிக் கதையைச் சொன்னோம். ஆலங்குடிப் பக்கத்திலுள்ள அந்தக் கிராமத்தில் 1898-ல் ஒரு புதையல் அகப்பட்டது. உள்ளே 501 ரோமாபுரிப் பொற்காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான சக்கரவர்த்திகளின் தலைகள் அவற்றில் இருந்தன. ஏறக்குறைய பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் நம் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த பொன் அது. விந்தை என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டவே அவ்விதம் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

"சக்கரவர்த்தி முகத்தையே வெட்டிவிட்டார்களா!" என்று பையன் வாயைப் பிளந்தான். நூறு கோடி ரூபாய் அட்டை அந்த நிமிஷம் அவன் ஞாபகத்திலிருந்து நழுவிற்று என்று நினைக்கிறோம்.

மாலையில் பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டை சேர்ந்தோம். செம்மண் பூமி. கண்மாயில் தண்ணீர் வற்றி மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாம் எதற்காக வந்திருக்கிறோம் என்ற சமாசாரம் இருட்டுவதற்குள் தெரு முழுதும் பரவிவிட்டது. மறுநாள் காலையில் உறவினர் நம்மை அடுத்த தெருவில் ஒரு மூதாட்டியிடம் அழைத்துச் சென்றார். எண்பது வயதைக் கடந்தவர். ஊரார் அனைவருக்கும் அப்பத்தா.

அப்பத்தா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் கீழே ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், மூன்று அம்மன் காசுகள்! கறுத்து, வழவழவென்று தேய்ந்திருந்தன. பையனுக்குப் பொறுக்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து கொண்டுவந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, "ஒன்று தருகிறீர்களா, பாட்டி?" என்று கேட்டுவிட்டான். நமக்கு வெட்கமாய்ப் போயிற்று.

அப்பத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "எங்காத்தா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு அரமணைக்கு நடந்து போயி வாங்கியாந்தது, அப்பு. அரிசிய அன்னைக்கே ஆக்கித் தின்னாச்சு. இது மட்டுந்தான் மிச்சம். இதுக்கு என்ன வெல சொல்ல?" என்றார்.

நாம் பேச்சை மாற்றும் பொருட்டு நம் காசை எடுத்துக் காட்டினோம். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புளி போட்டுத் தேச்சுப்புட்டீகளா? ஒங்க பாட்டன் கைபட்ட கறுப்பெல்லாம் போயிருச்சே!" என்றார்.

குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். பதில் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. செப்பின்மேல் காலம் படியவைக்கும் அந்தக் கருமையே அதற்குக் கவசம் என்பதும், தேய்த்த காசைச் சேகரிப்போர் சேதமுற்றதாகவே மதிப்பர் என்பதும் பிற்பாடு படித்து அறிந்தோம். ஆனால் அப்பத்தா சொன்ன நஷ்டம் வேறு. அதை எந்தக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

பெண்ணுக்குத்தான் ஒரு யோசனை தோன்றிற்று. நோட்டுப் புத்தகத்தின் தாளைக் காசின்மேல் வைத்து, பென்சிலால் மெல்லத் தேய்த்தாள். அம்பாள் தாளில் எழுந்தருளினாள். மூன்று காசுக்கும் இரண்டு பக்கமும் ஆக ஆறு படங்கள். கீழே அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். காசுகள் மறுபடி வெற்றிலைக்கு அடியில் போயின.

இத்தகைய சேகரத்தைத் தொடங்க விரும்பும் பெற்றோருக்கு, நாம் கற்ற சில பாடங்களைச் சொல்லுகிறோம். விலை கொடுத்து வாங்குவதில் தொடங்க வேண்டாம். வீட்டு அலமாரியிலும் அஞ்சறைப் பெட்டியிலும் தொடங்குங்கள். யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் வெளியிட்ட ஓட்டைக் காலணா, 1957 ஏப்ரல் 1-ல் தசம முறை வந்தபோது பிறந்த நயா பைசா, 1960-களின் அறுகோண அலுமினிய மூன்று பைசா, இவை பல வீடுகளில் இன்றும் கிடக்கும். இன்றைய ரூபாயிலும் பாடம் உண்டு: வருஷத்தின் கீழே வைரக் குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், சிறு புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா நாணயசாலை. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு மாலைப் பொழுது பறந்துவிடும்.

காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும், கழுவலாகாது, தேய்க்கலாகாது. மட்டமான பிளாஸ்டிக் உறையில் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். காகித உறையே நலம். 1818-ஆம் வருஷத்துக் கம்பெனிக் காசு என்று ராமர் உருவத்துடன் சந்தையில் வருபவை எல்லாம் போலி. கிழக்கிந்தியக் கம்பெனியார் அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பழைய நாணயத்துக்கு லட்சம் தருவதாக ரிசர்வ் பாங்கின் பெயரால் வரும் ஆசைவார்த்தைகளையும் நம்ப வேண்டாம்; அந்தப் பாங்கே 2021-ல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. மண்ணைத் தோண்டும்போது புதையல் அகப்பட்டால், 1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கறுக்காக்குறிச்சிபோல் ஒரு சரித்திரமே மறைந்துபோகும்.

ஊர் திரும்பியதும் குழந்தைகள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். முதற் பக்கத்தில் அப்பத்தாவின் அம்மன் காசுப் படங்கள். அவற்றின் கீழே, 'இவை எங்களுடையவை அல்ல' என்று பையன் எழுதியிருக்கிறான். இரண்டாம் பக்கத்தில் நாம் புளியிட்டுத் தேய்த்த தாத்தாவின் காசு காகித உறையில் இருக்கிறது. அது மறுபடியும் கறுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று பெண் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக் குறித்து வருகிறாள்.