கொழும்பும் குளத்து நாடும்

வெளிதேசம் போய்த் திரும்பியவர்களை நம் ஊர்த் திண்ணையில் உட்காரவைத்து விசாரித்தால், அவர்கள் சொல்லுகிற சமாசாரமெல்லாம் அந்தத் தேசத்து ராஜதானியின் கடைவீதி, கடற்கரை, ஹோட்டல் சாப்பாடு, வண்டிக்காரனின் நாணயம் ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுவதை வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். அவர்களைக் குறைசொல்லும் உத்தேசம் எனக்கில்லை. விமானம் இறங்குகிற இடத்தில்தானே மனிதனும் இறங்கவேண்டியிருக்கிறது!

இலங்கைக்குப் பிரயாணம் போனபோது நானும் முதலில் கொழும்பில்தான் தங்கினேன். சட்டப்படித் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை. பாராளுமன்றம் 1982 முதல் அங்கேதான் கூடுகிறது. ஆனாலும் ஜனங்கள் வாயில் கொழும்புதான் தலைநகரம். காலிமுகத் திடலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றால் மெரீனாவில் நிற்பதாகவும், செட்டியார் தெருவில் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயிலையும் கடந்து நடந்தால் கும்பகோணத்தில் நடப்பதாகவும் தோன்றியதே ஒழிய, கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்ற உணர்ச்சி உண்டாகவில்லை. போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கப்பலில் வந்து போகிறவர்களின் சௌகரியத்துக்காக ஒருவர் பின் ஒருவராக வளர்த்துவிட்ட பட்டணம், வருகிறவனுக்கு அந்நியமாக இராததில் ஆச்சரியம் என்ன?

எனினும் ராஜதானியை அடியோடு தள்ளிவிட முடியாதபடி செய்தது, 1877இல் கவர்னர் வில்லியம் கிரிகரியின் காலத்தில் ஏற்பட்ட அருங்காட்சியகம். பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகப்பட்ட நடராஜரும் நாயன்மார்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கண்டதும் என் மனம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஓடிற்று. திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிவந்த, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனரின் அழகில் சொக்கிப்போகிற அயல்நாட்டார், பெரிய கோயிலையும் பார்த்துவிட்டு மாலையில் ரயிலேறி விடுகிறார்களே, அவர்களில் திருவெண்காட்டுக்குப் போய்வருகிறவர் எத்தனை பேர்? கிராமத்துச் சுவாமி தலைநகரம் வந்து சேர்ந்ததும் அபிஷேகம் நின்றுபோய், காலடியில் ஒரு விளக்கச் சீட்டு முளைத்துவிடுகிறது. காப்பாற்றிக் கொடுத்ததும் தலைநகரந்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

பொலன்னறுவையும் ஒருகாலத்தில் ராஜதானியாக இருந்ததுதான். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழப்படை கடல் கடந்த பின்னர், ஜனநாதமங்கலம் என்ற பெயரோடு, 1070 வாக்கில் விஜயபாகு மீட்டுக்கொள்ளும்வரை, சோழர்களின் அதிகாரம் அங்கிருந்து நடந்தது. முழுவதும் கல்லால் ஆன வானவன் மாதேவி ஈசுவரம், புள்ளமங்கைப் பக்கத்துக் கற்றளி ஒன்று வழிதவறி வந்து நிற்பதைப்போல இன்றும் நிற்கிறது. ஆனால் என் நேரத்தில் பாதிக்குமேல் கோயில்களுக்குப் போகவில்லை, தண்ணீருக்குப் போயிற்று.

ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குளங்கள் ஓர் அதிசயம். நாம் கல்லணையில் தண்ணீரைப் பிரித்து, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று கடைமடை வரையில் ஓடவிடுகிறோம். அவர்களோ தங்கள் ஊரில் பெய்த மழையைத் தங்கள் ஊரிலேயே நிறுத்திவைக்கிறார்கள். பழைய குளங்களை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு உண்டாக்கிய சமுத்திரத்துக்குக் கரை மட்டும் ஏறக்குறைய 8 மைல். கலாவெவ என்ற குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு 54 மைல் போகும் ஜயகங்கை என்ற கால்வாயோ, முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் தாழ்கிறது. சமதரையில் தண்ணீரை நடக்கவைப்பது எத்தனை பிரயாசை என்பதை அறிந்த தஞ்சை ஜில்லாக்காரன் எவனும் அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிடாமல் இருக்கமாட்டான். காவிரிக்குக் கரை போடச் சோழராஜன் ஈழத்திலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துப் போனதாகச் சிங்களவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. சரித்திரம் அதை ஒப்புக்கொள்கிறதோ இல்லையோ, மண்வேலை தெரிந்தவர்களைத் தேடி எங்கே போகவேண்டும் என்பதைக் கதை கட்டியவன் நன்றாக அறிந்திருக்கிறான்.

கொழும்பில் நான்தான் வழியையும் விலையையும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். குளத்து நாட்டில் என்னைக் கேட்டார்கள். பெரும்போகத்து அறுப்பு முடிந்திருந்த சமயம். கரைமேல் உட்கார்ந்திருந்த சிங்களக் கிழவர் ஒருவர், நானும் நெல் விளையும் சீமைக்காரன் என்று மட்டக்களப்புக்காரரான எங்கள் டிரைவர் சொன்னதும், எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்.

“உங்கள் ஊர்க் குளம் எவ்வளவு பெரிதென்று கேட்கிறார், ஐயா.”

எங்களுடையது ஆற்றுப் பாசனம் என்றும், தண்ணீர் நூறு மைலுக்கு அப்பால் மேட்டூரில் நிற்கிறதென்றும், அதற்கும் மழை இன்னொரு ராஜ்யத்துக் குடகுமலையில் பெய்யவேண்டும் என்றும் விஸ்தாரமாகச் சொன்னேன்.

“அப்படியானால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார்.”

“தினமும் காலையில் பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டம் போடுவான். ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவை. இல்லாவிட்டால் சம்பாவோடு சரி.”

டிரைவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார், அவரும் சிரித்தார்.

“பத்திரிகை வராவிட்டால் நாற்று விடமாட்டீர்களா என்று கேட்கிறார், ஐயா.”

பம்புசெட் இருக்கிறவர்கள் விடுவார்கள் என்று சொல்லச் சொன்னேன்.