கம்போங் மேடான் அம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அக்காமார்களே, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்களே,

உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் எழுதுகிறேன். கணினியையும் கைப்பேசியையும் வைத்துப் பாடம் நடத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள். அதற்கென்று ஆசிரியர் பட்டறை நடத்தியவர்களுக்கெல்லாம் மேடையிலேயே நன்றி சொல்லி நினைவுப் பரிசும் கொடுத்தாகிவிட்டது. உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

மலேசியப் பள்ளிக்கூடங்களுக்குக் கணினி புதிதல்ல. 1999இலேயே 88 பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டத்தை முன்னோட்டமாக நடத்தினார்கள். 2011க்குப் பிறகு எல்லாப் பள்ளிக்கும் இணையமும் கற்றல் தளமும் தருவதாக ஒன் பெஸ்தாரிநெட் வந்தது. 2019 ஜூனில் அந்த ஒப்பந்தம் முடிந்து கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறினோம். மாறி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிகளும் மூடிவிட்டன. அதுவரை நான் கற்றதெல்லாம் பள்ளிச் சுவருக்குள் இருந்த கருவிகளைப் பற்றியதுதான். புரொஜெக்டர், கணினி அறை, பள்ளிக்கூட வைஃபை. பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது என்ற பேச்சு எந்தப் பட்டறையிலும் வந்ததில்லை.

அப்போது கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. எல்லோரும் அந்த எண்ணையே பேசினார்கள். எனக்கோ மிச்சமிருந்தவர்களைப் பற்றித்தான் கவலை. நம் பக்கத்தில் 'கைப்பேசி உண்டு' என்று சொன்ன வீடு பலவற்றில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் அம்மாவுடையது. அம்மா சுங்கை வே தொழிற்சாலைக்கோ, ஆஸ்பத்திரி துப்புரவுக்கோ போனால் அதுவும் கூடவே போய்விடும். பகல் பத்து மணிக்கு நான் கூகுள் மீட் திறந்து உட்கார்ந்தால், பிள்ளையின் வகுப்பறை அம்மாவின் கைப்பையில் இருக்கும்.

இதை எனக்குப் புரிய வைத்தது உங்களில் ஒருவர் இரவில் அனுப்பிய குரல் பதிவு. "டீச்சர், நான் வேல விட்டு வர ஏழரை ஆயிடுது. எட்டு மணிக்கு மேல அனுப்புனா பையன் செஞ்சிடுவான். வீடியோ வேணாம் டீச்சர், டேட்டா நிக்க மாட்டேங்குது. நீங்க பேசி அனுப்புங்க, அவன் கேட்டுக்குவான்." இவ்வளவுதான் அவர் சொன்னது. பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எப்போது, எதில், எவ்வளவு நீளத்தில் பாடம் அனுப்ப வேண்டும் என்ற மூன்றுக்கும் அந்தப் பதிவிலேயே விடை இருந்தது.

மறுநாளிலிருந்து பாடம் மாறியது. பாடநூல் பக்கம் ஒரு படம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் விளக்கம். ஒரே ஒரு இடுபணி. இரவு எட்டுக்கு மேல் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போய்ச் சேரும். நாற்பது நிமிடப் பாடத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றால் ஆசிரியருக்குத் தன் பாடம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எதைச் சொல்லியே ஆக வேண்டும், எதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று பிரிக்கும் பழக்கம் எனக்கு வந்தது உங்கள் டேட்டாவை மிச்சம் பிடிக்கப் போய்த்தான்.

மற்றதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். செய்த இடுபணியை டியூப் லைட்டுக்குக் கீழே படம் பிடித்தால் எழுத்து பளபளக்கிறது, ஜன்னலோரம் வைத்துப் பிடித்தால்தான் டீச்சரால் படிக்க முடிகிறது என்று புலனக் குழுவில் ஒரு அக்கா எழுதினார். அடுத்த நாளே எல்லாப் படங்களும் தெளிவாக வந்தன. கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் 2020 ஜூனில் வந்தபோது பிள்ளைகளின் பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் அலமாரிக் கதவின் உட்பக்கம் மார்க்கர் பேனாவில் எழுதி வைத்தவர் உண்டு. கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளை மேல்மாடியிலிருந்த ஒரு பாட்டி சாயங்காலம் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்து, மகளின் கைப்பேசியில் என் குரலைச் சத்தமாகப் போட்டுவிடுவார். அந்தப் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்களைக் கீழே மளிகைக் கடையில் கொடுத்து வைப்பேன். மறுவாரம் அதே கடையில் திருப்பி வாங்கிக்கொள்வேன். இந்த ஏற்பாடு ஒன்றும் என் யோசனை இல்லை. உங்கள் மாடிப்படியில் பேசி முடிவான ஏற்பாடு. அப்பாக்களையும் சொல்லாமல் விடக் கூடாது. லோரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மகளின் வாய்ப்பாட்டைக் கேட்டு எனக்குப் பதில் போட்ட அப்பா ஒருவர் இருக்கிறார்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம், அவள் அம்மாவுக்குத் தெரியும். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு நிற்பாள். வீட்டிலிருந்து வாசித்து அனுப்பச் சொன்னபோது அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. நடுவில் ஓர் இடத்தில் தடுமாறி, நிறுத்தி, "இருங்கம்மா, மறுபடி வாசிக்கிறேன்" என்று சொல்லி, அதே வரியை முதலிலிருந்து எடுத்தாள். யாரும் பார்க்காத இடத்தில் திருத்திக்கொள்ளும் உரிமையைக் கைப்பேசி அவளுக்குக் கொடுத்தது. பள்ளி திறந்த பிறகும் வாசிப்புப் பதிவை நான் விடவில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஸ்மார்ட் போர்டும் இதற்கு ஈடில்லை என்றே சொல்வேன்.

நம் நாட்டு முத்து நெடுமாறனுக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். 1980களில் அவர் தொடங்கிய முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளும், 2005இல் கைப்பேசிக்கு வந்த செல்லினம் செயலியும் இல்லையென்றால் நம் பிள்ளைகள் குழுவில் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். அஞ்சல் விசைமுறையில் சிறிய 'எல்' தொட்டால் லகரம், பெரிய 'எல்' தொட்டால் ளகரம், 'இசெட்' தொட்டால் ழகரம். பழமா, பலமா, பள்ளமா என்று தொடுவதற்கு முன் பிள்ளை ஒரு கணம் யோசித்தாக வேண்டும். கரும்பலகையில் ஆண்டுக்கணக்காக நான் திருத்தி வந்த பிழைகள், விசையைத் தேடும் அந்த யோசனையிலேயே குறையத் தொடங்கின. உங்களில் சிலர் பிள்ளையிடமே கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு எனக்கு 'நன்றி டீச்சர்' என்று எழுதினீர்கள். தோட்டப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள் அனுப்பிய அந்தத் தமிழ் எழுத்துகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

2021 ஜூலை மறக்காது. நம் சிலாங்கூரின் பெரும்பகுதியில் கடுமையான கட்டுப்பாடு. வேலை போன வீடுகளின் ஜன்னல்களில் உதவி கேட்டு வெள்ளைக் கொடி தொங்கியது. 700 சதுர அடியைத் தாண்டாத வீட்டுக்குள் ஐந்தாறு பேர் அடைந்து கிடந்த மாதம் அது. அரிசிக்குக் கொடி கட்டிய வீட்டிலிருந்தும் அன்றைய இடுபணி வந்தது. அந்த மாதத்தில் நான் யாரையும் 'ஏன் அனுப்பவில்லை' என்று கேட்கவில்லை. கேட்காமலே வந்தது. ஐந்து வெள்ளிக்கு டாப்-அப் போடுவதா, முட்டை வாங்குவதா என்று கணக்குப் பார்த்த வீடுகள் அவை என்று எனக்குத் தெரியும்.

கம்போங் மேடான் என்றதும் வெளியூர்க்காரர்கள் இன்னும் 2001 மார்ச்சைத்தான் சொல்கிறார்கள். ஆறு உயிர்கள் போன அந்தக் கலவரத்தை நாம் மறக்கக் கூடாது, மறக்கவும் முடியாது. ஆனால் தோட்டத்திலிருந்து புறம்போக்கு வீட்டுக்கும், அங்கிருந்து நீண்ட வீட்டுக்கும், பிறகு அடுக்குமாடிக்கும் மாறி வந்த குடும்பங்கள், அரசாங்கத் திட்டம் வந்து சேரும்வரை காத்திராமல் வாசலில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தின என்பதும் இந்த ஊரின் வரலாறுதான். அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. நான் கூட இருந்து பார்த்தவள்.

இப்போது வகுப்பில் தொலைக்காட்சித் திரை இருக்கிறது. 2023இல் டிஜிட்டல் கல்விக் கொள்கையும் வந்துவிட்டது. எந்தப் புதிய செயலியைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, நம் பக்கத்தின் பழைய கைப்பேசியில் இது திறக்குமா என்பதுதான். இளம் ஆசிரியர்களிடமும் அதையே கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அப்படியே பார்த்தெழுதி வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தடுப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். பேனாவை எடுப்பதற்கு முன், சொல்ல வந்ததை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். அதைப் பதிவு செய்து எட்டு மணிக்கு மேல் எனக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். எண் மாற்றியவர்கள் புது எண்ணைக் குழுவில் போட்டுவிடுங்கள், அம்மா.


உங்கள் பிள்ளைகளின் டீச்சர்